ரிங்குக்கும் களத்துக்கும்: ஒரு ஜெர்மன் ஷெப்பர்ட் பண்ணையின் மதிப்புரை

பல்லடத்திலிருந்து உடுமலைப்பேட்டை போகும் சாலையில், தென்னந்தோப்புக்குள் ஒரு ஜெர்மன் ஷெப்பர்ட் பண்ணை இருக்கிறது. வாசல் பலகையில் ‘ரிங்குக்கும் களத்துக்கும்’ என்று எழுதியிருப்பார்கள். ரிங் என்றால் கண்காட்சி வளையம், களம் என்றால் வேலைப் பயிற்சி நடக்கிற இடம். அங்கே வாங்கிய பெட்டைக் குட்டி இப்போது இரண்டு வயதைத் தாண்டிவிட்டது. பெயர் குயிலி. அதைக் கண்காட்சிக்கும் கொண்டுபோயிருக்கிறேன், பயிற்சிக் களத்திலும் ஓடவிட்டிருக்கிறேன். அதனால் இதை எழுதும் உரிமை எனக்கு உண்டு என்று நினைக்கிறேன். ஐந்துக்கு எத்தனை என்று கேட்டால், நாய் வளர்ப்பதில் 4, குட்டி விற்பதில் 2.

பண்ணையின் பெயரை எழுதப்போவதில்லை. குறைகளை உரிமையாளரிடம் நேரிலேயே சொல்லிவிட்டேன். ஊரறியப் பெயர் போட்டு அடிக்கிற அளவுக்கு அவர் ஒன்றும் செய்துவிடவில்லை. அந்தச் சாலையில் தென்னந்தோப்புக்குள் நாய்ப்பண்ணை எது என்று கேட்டால் டீக்கடையிலேயே வழி சொல்லிவிடுவார்கள்.

முதலில், அந்தப் பலகை எவ்வளவு பெரிய பேச்சு என்பதைச் சொல்ல வேண்டும். கண்காட்சியில் பரிசு வாங்குகிற ஜெர்மன் ஷெப்பர்டும், மோப்பம், கீழ்ப்படிதல், காவல் என்று போட்டிக்குப் போகிற ஜெர்மன் ஷெப்பர்டும் இன்று ஏறக்குறைய இரண்டு சாதிகள். ஒன்று கருப்பும் செம்பழுப்புமாக மின்னும். பின்னங்கால் வளைந்து, முதுகு சரிந்து, ஓட்டத்தில் மிதக்கும். மற்றது சாம்பல் நிறம், நேர் முதுகு, சற்றுச் சின்ன உடம்பு, கண்ணில் ஓயாத அலைச்சல். செக்கோஸ்லோவாக்கியாவின் எல்லைக் காவல் படை வளர்த்த நாய்களின் வழிவந்தவை இந்த இரண்டாம் வகையில் நிறைய.

ஆரம்பத்தில் இந்தப் பிரிவு கிடையாது. குதிரைப்படை அதிகாரியாக இருந்த மாக்ஸ் ஃபோன் ஸ்டெஃபானிட்ஸ் 1899-இல் கார்ல்ஸ்ரூ கண்காட்சியில் ஒரு மேய்ச்சல் நாயைப் பார்த்து வாங்கி, ஹோராண்ட் என்று பெயர் மாற்றி, அதே ஆண்டில் எஸ்.வி. என்ற ஜெர்மன் ஷெப்பர்ட் வளர்ப்புச் சங்கத்தையும் தொடங்கினார். இந்த இனத்தின் முதல் நாய் கண்டெடுக்கப்பட்டதே கண்காட்சியில்தான். ஆனால் அவர் தேடியது உழைக்கிற நாயை. 1925-இல் இனம் உயரமாகவும் சதுரமாகவும் போய்க்கொண்டிருக்கிறது என்று, குட்டையும் நீளமுமான க்ளோடோ என்ற நாயை அவரே வெற்றி நாயாகத் தேர்ந்தார். அந்த ஒரு தீர்ப்பு பின்வந்த நாய்களின் உடம்பையே மாற்றியது. நடுவர் எதைப் பார்த்துத் தலையாட்டுகிறாரோ, வளர்ப்பவர் அடுத்த ஈற்றில் அதைத்தான் தேடுவார்.

அழகும் உழைப்பும் ஒன்றைவிட்டு ஒன்று அறுந்துபோகக் கூடாது என்றுதான் ஜெர்மனியில் வளர்ப்பு நாய்க்கு வேலைத் தேர்வு, சைக்கிளுடன் 20 கிலோமீட்டர் ஓட்டம், இடுப்பு எக்ஸ்ரே எல்லாவற்றையும் வைத்திருக்கிறார்கள். வேலைத் தேர்வில் மூன்று பகுதிகள், ஒவ்வொன்றுக்கும் 100 மதிப்பெண். பகுதிக்கு 70 எடுத்து ஒப்பேற்றிய நாயும் தேர்ச்சிதான், 97 எடுத்த நாயும் தேர்ச்சிதான். சான்றிதழை மட்டும் பார்த்து ஜெர்மனியிலிருந்து நாய் இறக்குகிறவர்கள் அந்த மதிப்பெண் தாளையும் கேட்டு வாங்கினால் நல்லது. நம் ஊரில் கே.சி.ஐ. எனும் இந்திய கென்னல் கிளப்பின் பதிவுக்கு இந்த வேலைத் தேர்வு எதுவும் தேவையில்லை. தாய்க்கும் தகப்பனுக்கும் வம்சாவளித் தாள் இருந்தால் குட்டிக்கும் தாள்.

நான் ஈரோட்டில் மஞ்சள் வியாபாரம் செய்கிறவள். மெருகேற்றிய விரலி மஞ்சள் தங்கமாக மின்னும். ஆனாலும் வாங்குகிறவர் அதை ஒடித்து உள்நிறம் பார்க்காமல் விலை பேசமாட்டார். நாய் வாங்கப் போகிறவர்கள் மட்டும் ஏன் மெருகைப் பார்த்ததும் பணத்தை எண்ணிவிடுகிறார்கள் என்பது எனக்கு விளங்கியதே இல்லை. அப்பன் சாம்பியன், தாத்தா சாம்பியன் என்று தாளை நீட்டுவார்கள். அந்த அப்பன் இருட்டில் தகர டின் விழுந்தால் என்ன செய்யும் என்று கேட்டால் பதில் இருக்காது.

இந்தப் பண்ணைக்காரரிடம் பதில் இருந்தது. இவருக்கு நான் கொடுக்கும் 4 முழுவதும் அதற்குத்தான்.

நான் முதலில் போனபோது அவர் குட்டிகளைக் காட்டவில்லை. தாயைக் காட்டினார். கம்பிக்கு அந்தப் பக்கம் வைத்துக் காட்டவில்லை, அவிழ்த்துவிட்டுக் காட்டினார். சாம்பல் நிறப் பெட்டை. வந்து என் செருப்பை மோந்தது, புடவை விளிம்பை மோந்தது, பிறகு என்னை மறந்துவிட்டு ஒரு தேங்காய் மட்டையைக் கவ்விக்கொண்டு வந்து அவர் காலடியில் போட்டது. அவருடைய பையன் எனக்குத் தெரியாமல் பின்னால் போய், சாதம் வடிக்கும் அலுமினியக் குண்டாவைச் சிமெண்டுத் தரையில் போட்டான். நான்தான் துள்ளினேன். நாய் திரும்பிப் பார்த்தது, காதை ஒருமுறை பின்னால் சாய்த்தது, போய் குண்டாவுக்குள் தலையை விட்டுப் பார்த்தது, மட்டையிடம் திரும்பி வந்துவிட்டது. “சத்தத்துக்குப் பயப்படாத நாய் கிடையாதுங்கம்மா. எவ்வளவு நேரத்தில் தெளிகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்” என்றார்.

பிறகு ஒரு பதிவேட்டைக் கொண்டுவந்து வைத்தார். மளிகைக்கடைக் கணக்கு எழுதும் நீளமான நோட்டு. ஒரு நாய்க்கு ஒரு பக்கம். உயரம், எடை, பல் (42-உம் இருக்கிறதா, எது குறைகிறது), இடுப்பு, முழங்கை, எந்தக் கண்காட்சியில் என்ன தரம், நடுவர் என்ன சொன்னார், மோப்பத்தில் எப்படி, காவல் பயிற்சியில் பயிற்சியாளர் கையில் மாட்டியிருக்கும் தடித்த உறையைக் கடிக்கும்போது முழு வாயால் கவ்வுகிறதா, முன்பல்லால் கிள்ளுகிறதா. கடைசியில் ஒரு கட்டம்: ‘தீபாவளி’. ஒவ்வொரு ஆண்டும் அந்த இரவில் அந்த நாய் என்ன செய்தது என்று இரண்டே சொல்லில் எழுதியிருந்தார். ‘தூங்கியது.’ ‘குரைத்தது, சாப்பிட்டது.’ ‘கட்டிலடி.’ ஜெர்மானியர்கள் தேர்வில் துப்பாக்கிச் சத்தம் வைக்கிறார்கள். நமக்கு அதை ஆண்டுக்கொரு முறை தெருவே நடத்திக்கொடுத்துவிடுகிறது. அதைக் குறித்துவைக்க வேண்டும் என்று எத்தனை பேருக்குத் தோன்றியிருக்கும்?

‘கட்டிலடி’ என்று எழுதியிருந்த பக்கத்தைப் புரட்டிக் காட்டினார். ஊட்டியில் பரிசு வாங்கிய பெட்டை. படத்தைப் பார்த்தால் யாரும் சொக்கிப்போவார்கள். தலை, கழுத்து, நிறம் எதிலும் ஒரு குறை சொல்ல முடியாது. பக்கத்தின் குறுக்கே சிவப்பு மையில் ஒரு கோடு. அதன் மடியில் ஒரு ஈற்றுகூட எடுக்காமல் கருத்தடை செய்து, பொள்ளாச்சியில் ஒரு வீட்டுக்குக் கொடுத்துவிட்டாராம். அடுத்த கோடு ஒரு கடுவனுக்கு. களத்தில் சிங்கம், உறையைப் பிடித்தால் விடாது. ஆனால் ஒரு விரை இறங்கவில்லை, இடுப்பு மூட்டும் தளர்வு. அதற்கும் கோடு. நோட்டில் கோடு போட்ட பக்கங்கள்தான் அதிகம்.

நான் கொடுத்த 60,000 ரூபாய் அந்தச் சிவப்பு மைக்குத்தான். இரண்டுக்கும் ஆகிற நாய் வேண்டுமென்றால் அழகான கடுவனையும் வேலைக்காரப் பெட்டையையும் சேர்த்துவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படிச் சேர்த்த முதல் ஈற்றில் குட்டிகள் நாலா பக்கமும் சிதறும். ஒன்று அப்பனின் அழகோடும் ஆறிப்போன மனசோடும் பிறக்கும், இன்னொன்று தாயின் வேகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வரும், இரண்டு பக்கத்துக் குறைகளையும் சேர்த்து எடுத்துக்கொண்டு வருவதும் உண்டு. அந்தச் சிதறலில் எதை வைத்துக்கொள்வது, எதை ஒதுக்குவது என்ற முடிவைத் தலைமுறைக்குத் தலைமுறை எடுத்தால்தான் இரண்டும் ஒரே தோலுக்குள் வந்து சேரும். பரிசு வாங்கிய பெட்டையை ஒதுக்க மனசு வராதவர் அந்தப் பலகையை மாட்டக் கூடாது. இவர் மாட்டலாம்.

குயிலியின் தகப்பன் கருப்பும் செம்பழுப்பும் சேர்ந்த கருஞ்சிவப்பு; தாய் நான் பார்த்த சாம்பல் பெட்டை. ஈற்றில் ஏழு. நான்கு சாம்பல், மூன்று கருஞ்சிவப்பு. சாம்பல் நிறம் ஓங்குகிற குணம் என்பதால் ஒரு பக்கம் இருந்தாலே குட்டியில் தலைகாட்டும். நம் ஊர் வாங்குபவர்களுக்கு அது பிடிப்பதில்லை. நாட்டுநாய்க் கலப்பு என்று முகம் சுளிப்பார்கள். (நாட்டுநாய் கலந்தால்தான் என்ன என்று எனக்குத் தோன்றும். ராஜபாளையம் நாயை அஞ்சல்தலையில் போட்டுக் கொண்டாடுகிற தேசம்தான் இது. ஆனால் வெள்ளை நிறத்துக்காகவே வளர்த்து வளர்த்து அதில் செவிட்டுக் குட்டிகள் பிறக்கிற கதையும் நம்முடையதுதான்.)

ஏழாவது வாரத்தில் குட்டிகளுக்குத் தேர்வு வைத்தார். இதுவரை பார்த்திராத மோட்டார் அறைக்குள் ஒவ்வொன்றாகத் தனியே விட்டார். கந்தல் துணியைக் கயிற்றில் கட்டி இழுத்தார். ஒரு பாத்திர மூடியைக் கொஞ்ச தூரத்தில் போட்டார். குயிலி திடுக்கிட்டது; சுவர் வரைக்கும் பின்வாங்கியது; பிறகு யாரும் கூப்பிடாமலே வந்து மூடியை நக்கியது. கந்தலை வாய் நிறையக் கவ்விக்கொண்டு உறுமியது. ஆனால் கருஞ்சிவப்புக் கடுவன் ஒன்று மூடி விழுந்தபோது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கந்தலோடு அவர் கையையும் சேர்த்து இழுத்தது. அந்த ஈற்றிலேயே வேலைக்குப் பிறந்த குட்டி அதுதான்.

இங்கேதான் என் கோபம் ஆரம்பிக்கிறது. இவ்வளவு பார்த்துப் பார்த்துத் தேர்வு வைக்கிறவர், குட்டியைக் கொடுக்கும்போது யார் முதலில் முன்பணம் கட்டினார்களோ அவர்கள் முதலில் எடுக்கலாம் என்கிறார். தேர்வுத் தாள் ஒரு பக்கம், ரசீது எண் ஒரு பக்கம், ரசீதுதான் ஜெயித்தது. அந்தக் கடுவனை அதன் நிறத்துக்காகச் சென்னையில் ஆறாவது மாடியில் குடியிருக்கும் ஒரு குடும்பம் எடுத்துக்கொண்டு போனது. கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகிறவர்கள், நல்லவர்கள். சோபாவையும் கதவு நிலையையும் தின்று முடித்துவிட்டு, ஒரு வயதுக்குள் அது பண்ணைக்கே திரும்பி வந்தது. அவர்கள் மேல் தப்பில்லை, நாய் மேலும் தப்பில்லை. எனக்கு வேண்டிய குட்டி கிடைத்ததற்குக்கூட அவருடைய ஏற்பாடு காரணமில்லை. சாம்பலை யாரும் தொடவில்லை, அதனால் கிடைத்தது.

“முன்பணம் கட்டியவரிடம், உங்களுக்கு இந்தக் குட்டி ஆகாது என்று எப்படிங்கம்மா சொல்வது?” என்று கேட்டார். பரிசு வாங்கிய நாய்க்குக் கோடு போடத் தெரிந்தவருக்கு வாடிக்கையாளரிடம் ஒரு வார்த்தை சொல்ல முடியாதா?

மற்ற குறைகள் சின்னவை. குட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து பார்த்தால் காது மடலுக்குள் உண்ணி. இந்தப் பக்கத்தில் உண்ணிக் காய்ச்சல் எத்தனை நாயைக் கொண்டுபோகிறது என்று தெரிந்தவர் இதில் அசட்டையாக இருக்கக் கூடாது. தடுப்பூசி அட்டையின் நகலைத்தான் கொடுத்தார். அசலுக்குப் பலமுறை போன் செய்ய வேண்டியிருந்தது. கே.சி.ஐ. தாளும் தாமதம். ஒப்பந்தத்தில் இடுப்பு மோசமானால் மாற்றுக்குட்டி தருவதாக எழுதியிருக்கிறது, ஆனால் ‘மோசம்’ என்றால் எந்த அளவு என்று எழுதவில்லை. நான் பேனாவை எடுத்து எழுதி, அவர் கையெழுத்தையும் வாங்கிக்கொண்டேன். நீங்களும் செய்யுங்கள், மறுக்கமாட்டார்.

சட்டப்படி செய்ய வேண்டியதில் குறை இல்லை. 2017-இல் மத்திய அரசு கொண்டுவந்த விதிகளின்படி எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது, ஒரு பெட்டையிடம் வாழ்நாளில் ஐந்து ஈற்றுக்கு மேல் எடுக்கக் கூடாது. இவர் மூன்றோடு நிறுத்திவிடுகிறார். வயதான காலத்தில் பின்னங்கால் செத்துப்போகிற தண்டுவட நோய்க்கு மரபணுச் சோதனைத் தாள் வைத்திருக்கிறார். குயிலியின் தாய் அந்த மரபணுவை ஒற்றையாகச் சுமக்கிற நாய், தகப்பன் சுத்தம். இதை அவராகவே சொன்னார். ஒன்று சுத்தமாக இருந்தால் குட்டிக்கு அந்த நோய் வராது என்பதையும், குயிலியை எப்போதாவது சேர்க்கைக்கு விட்டால் கடுவனுக்கும் சோதனை பார்க்க வேண்டும் என்பதையும் தாளில் எழுதிக் கொடுத்தார். ஒரு வயது முடிந்ததும் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் இடுப்பு எக்ஸ்ரே எடுத்தோம். வலது சுத்தம், இடது துளி தளர்வு. கவலைப்பட ஒன்றுமில்லை.

இனி ரிங். கோயம்புத்தூரில் நடந்த ஒரு கண்காட்சியில் இளையோர் வகுப்பில் இறக்கினேன். ஜெர்மன் முறையில் இரண்டு வயதுக்கு உட்பட்ட நாய்க்கு ‘வெரி குட்’டுக்கு மேல் தரமே கிடையாது, ஆகவே வரிசையில் எத்தனையாவது என்பதுதான் கணக்கு. ஆறாவது. நடுவர் நின்று நிதானமாகச் சொன்னார்: முதுகு உறுதி, பல் முழுமை, தோள் நன்று, பின்னங்கால் மடிப்பு இன்னும் வேண்டும், நிறம் மங்கல், முகத்தில் கருமை போதாது. உயரம் 58 சென்டிமீட்டர். பெட்டைக்கு விதித்த 55-க்கும் 60-க்கும் நடுவே.

ஷெப்பர்ட் ரிங்கைப் பார்த்திராதவர்கள் ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும். உள்ளே கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒருவர் ஓடுவார். வெளியே சொந்தக்காரர்கள், மாமன், மச்சான் என்று ஒரு பட்டாளமே நாயின் பெயரைக் கூவிக்கொண்டு, பந்தை ஆட்டிக்கொண்டு, விசில் அடித்துக்கொண்டு சுற்றிச் சுற்றி ஓடும். நாய் காதை நிமிர்த்தி முன்னால் இழுத்துக்கொண்டு போவதற்காக. எனக்காக ஓடியவர் என் தம்பி. இரண்டாவது சுற்றில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டான். குயிலி அவன் உட்கார்ந்த இடத்திலேயே நின்றுவிட்டது. ஆறாவது இடத்துக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

களத்தில் கதை வேறு. அறுவடை முடிந்த கடலைக் காட்டில் மோப்பத் தடம் போடுவோம். ஒருவர் நிதானமாக நடந்து, திருப்பங்கள் வைத்து, வழியில் சின்னத் தோல் துண்டையோ மரத் துண்டையோ போட்டுவிட்டு வருவார். கொஞ்ச நேரம் ஆறவிட்டு நாயை விடுவோம். குயிலி மூக்கை மண்ணிலிருந்து எடுக்காது. ஒவ்வொரு காலடியிலும் உள்ளே இழுக்கிற சத்தம் நீளக் கயிற்றின் இந்த முனை வரைக்கும் கேட்கும். மூக்கு நுனியில் செம்மண் அப்பிக்கொள்ளும். திருப்பத்தில் தடம் அறுந்தால் நிற்கும், தலையைத் தூக்காமல் அரைவட்டம் போடும், பிடித்துக்கொள்ளும். துண்டு கிடைத்ததும் அதை முன்னங்கால்களுக்கு நடுவே வைத்துப் படுத்துவிடும். இதில் பாதியைத்தான் நாங்கள் கற்றுக்கொடுத்தோம்.

கீழ்ப்படிதலில் சுமார். காலோடு ஒட்டி நடக்கும்போது முனகும். போட்டியில் அதற்கு மதிப்பெண் போகும். காவல் பயிற்சியில் உறையை ஆழமாக, அமைதியாகப் பிடிக்கிறது. விடச் சொன்னால் இரண்டாவது குரலுக்குத்தான் விடுகிறது. பயிற்சியாளர் சுத்த வேலைக்கார வம்சத்து நாய்களோடு பழகியவர். இதற்கு அந்த அளவு வெறி இல்லை என்கிறார். உண்மைதான். ஆனால் மாலையில் அதே நாய் மண்டி வாசலில் மூட்டைக்காரர்களுக்கு நடுவே காலை நீட்டித் தூங்குகிறது. அவருடைய நாய்களை அங்கே கட்டிப்போட முடியாது.

சைக்கிள் ஓட்டத்தைத் தேர்வாக இல்லாமல், பார்க்கலாமே என்று செய்தோம். தடப்பள்ளி வாய்க்கால் கரையில், விடிவதற்கு முன்பே புறப்பட்டு, இடையிடையே தண்ணீர் காட்டி, பாதத்தைப் புரட்டிப் பார்த்து, 20 கிலோமீட்டர். நம் வெயிலில் ஏழு மணிக்கு மேல் இதைச் செய்யவே கூடாது. முடித்ததும் குயிலி வாய்க்காலுக்குள் இறங்கி நின்றுகொண்டது. மேலே வரச் சொன்னால் வரவில்லை. மூச்சு சீக்கிரமே அடங்கிவிட்டது, நடையில் நொண்டல் இல்லை. மடிப்புக் குறைந்த அந்தப் பின்னங்காலுக்கு ரிங்கில் போன மதிப்பெண் இங்கே திரும்பி வந்தது என்று எடுத்துக்கொண்டேன்.

யார் வாங்கலாம்? தேசிய அளவில் கண்காட்சிப் பட்டம்தான் குறி என்றால் இங்கே போகாதீர்கள், சுத்தக் கண்காட்சி வம்சத்தைப் பாருங்கள். மோப்பத்திலும் காவலிலும் முதலிடம்தான் வேண்டும் என்றாலும் இது இடமில்லை. இரண்டு பக்கத்திலும் தலைகுனியாமல் நிற்கிற, வீட்டில் குழந்தைகளோடு இருக்கக்கூடிய, பத்து வயதிலும் நடக்கக்கூடிய நாய் வேண்டும் என்றால் இங்கே கிடைக்கும். தினமும் அதற்கென்று நேரம் ஒதுக்க முடியாதவர்கள் எந்தப் பண்ணைக்கும் போக வேண்டாம்.

போகிறவர்களுக்கு: முன்பணத்தை அனுப்புவதற்கு முன் பதிவேட்டைக் கேளுங்கள். கேட்டால் மறைக்கமாட்டார். தாயை அவிழ்த்துவிடச் சொல்லுங்கள். குட்டிகளின் தேர்வு நடக்கிற நாளில் நீங்களும் அங்கே இருங்கள். உங்கள் வீட்டின் அளவு, வேலை நேரம் எல்லாவற்றையும் சொல்லி, எந்தக் குட்டி ஆகும் என்று அவர் வாயால் சொல்லவையுங்கள். உண்ணிக்கு மருந்து கையோடு கொண்டுபோங்கள். தடுப்பூசி அட்டையின் அசல் கைக்கு வராமல் வண்டியை எடுக்காதீர்கள். திரும்பி வந்த அந்தக் கருஞ்சிவப்புக் கடுவன் நான் கடைசியாகக் கேட்டபோது இன்னும் அங்கேதான் இருந்தது. களத்துக்கு நாய் தேடுகிறவர் யாராவது இருந்தால் முதலில் அதைப் போய்ப் பாருங்கள்.